வீட்டில் என்ன போட்டீங்க?

அந்த அடுக்ககத்தில் லிஃப்ட் ஓடும் நாளைவிட நிற்கும் நாள்தான் அதிகம். வேடிக்கை என்னவென்றால், லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவன் அங்கேயே நான்காம் மாடியில் குடியிருக்கிறான். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு வருகிறவனிடம் சொந்தக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே எல்லோரும் படியேறித்தான் ஆக வேண்டும். படியேறினால் எங்காவது நின்று மூச்சு வாங்க வேண்டும். மூன்றாம் மாடி அக்காவின் வாசலுக்கு எதிரேதான் எல்லோருக்கும் மூச்சு முட்டும். அந்தக் கட்டடத்தில் அக்காவுக்குத் தெரியாமல் ஒரு தும்மல்கூட வெளியே போனதில்லை என்றால், அதற்குக் காரணம் அக்காவின் சாமர்த்தியம் பாதி, லிஃப்ட் பாதி.

மெக்கானிக்கின் மனைவியைக் கறைக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே இல்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், தெரிந்தும் சட்டை செய்வதில்லை. தெருமுனை லாண்டரியில் கறை எடுப்பது அவள் வேலை. துவைப்பவர்கள் வேறு, இஸ்திரி போடுபவர்கள் வேறு. இவளுக்குக் கடையின் பின்பக்கம் தனியாக ஒரு சின்ன மேஜை, நீராவி பீச்சும் குழாய் ஒன்று, ஐந்தாறு புட்டிகள், பல் தேய்க்கும் அளவில் சில பிரஷ்கள். துணியைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து நீராவி விட்டு, மெல்லத் தட்டித் தட்டி எடுப்பாள். தேய்க்கவே மாட்டாள்.

துணியில் கை வைக்குமுன் ஒரு கேள்வி கேட்பாள்.

"வீட்டில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே. பட்டது பட்டபடி கொண்டுவந்துட்டேன்."

"தண்ணி தொட்டாவது துடைச்சிருப்பீங்களே?"

"தண்ணி... ஆமா. கொஞ்சம் எலுமிச்சம்பழம்."

"அப்புறம்?"

"அப்புறம் உப்பு. பல்பசை. எங்க நாத்தனார் சொன்னாளேன்னு கொதிக்கிற தண்ணி."

முதல் தடவை பொய், இரண்டாம் தடவை பாதி, மூன்றாம் தடவைதான் உண்மை வரும். இது அவள் அனுபவத்தில் கண்டது. படித்தவர், படிக்காதவர், கார் வைத்திருப்பவர் என்று இதில் விலக்கே கிடையாது. மறைத்தால் அவர்கள் ஊற்றியதும் இவள் ஊற்றுவதும் சேர்ந்து துணியே பொத்தலாகிவிடும் என்று எத்தனை சொன்னாலும் முதல் பதில் "ஒண்ணும் போடலையே"தான். எல்லாவற்றையும் கறந்துவிட்டு, கடைசியில் சொல்வாள்: "போகும்னு சொல்ல மாட்டேன். எடுத்துப் பார்க்கிறேன்."

இந்தப் பதில் யாருக்குமே பிடிக்காது. "போகும்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்துடும்?" என்று லாண்டரி முதலாளியம்மாவே சிடுசிடுப்பாள்.

இப்படிப்பட்டவளுக்குத்தான் போன வருஷம் டாக்டரம்மா அதே பதிலைத் திருப்பிக் கொடுத்தார்.

நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். அக்கா அப்போதெல்லாம் அதை "அந்த எண்டு கிண்டு" என்றுதான் சொல்வாள். கருப்பையின் உட்சுவரில் இருக்கவேண்டிய சதை மாதிரி ஒன்று, வெளியே சூலகத்திலும் குடல்மேலும் போய்க் குடித்தனம் வைத்துக்கொள்கிறது. மாதாமாதம் அதுவும் வீங்கும், அதுவும் கசியும். கசிந்தது வெளியேற வழியில்லாமல் அங்கேயே கட்டியாகும், பசை மாதிரி இறுகும். வாடகையும் தராமல் காலியும் செய்யாமல் இருக்கிற குடித்தனம். சின்ன வயதிலிருந்தே கறைக்காரி வலியில் சுருண்டு படுக்கிறவள்தான். பார்த்தவர்கள் எல்லாம், "பொம்பளைன்னா இதெல்லாம் இருக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கடைசியில் இந்த டாக்டரம்மாதான் பெயரைச் சொல்லி, வயிற்றில் துளை போட்டு, கேமரா விட்டு, இடது சூலகத்துக் கட்டியையும் சுற்றி ஒட்டியிருந்ததையும் எடுத்தார்.

"கண்ணுக்குத் தெரிஞ்சதையெல்லாம் எடுத்தாச்சு. மறுபடி வராதுன்னு சொல்ல மாட்டேன்."

"குழந்தை, டாக்டர்?"

"முன்னைவிட நல்ல வாய்ப்பு இருக்கு. நடக்கும்னு சொல்ல மாட்டேன். முயற்சி பண்ணிப் பாருங்க."

கறைக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாடிக்கையாளர்கள் ஏன் தன்னை அப்படி முறைக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். நோய் திரும்பாமல் அமுக்கி வைக்க ஹார்மோன் மாத்திரை உண்டு. ஆனால் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்வரை கரு உண்டாகாது. கரு உண்டாக வேண்டுமென்றால் மாத்திரையைத் தொடக்கூடாது, தொடாவிட்டால் நோய் தன் இஷ்டத்துக்குத் திரும்பி வரலாம். குழந்தையா, வலியில்லாத உடம்பா, இப்போதைக்கு ஏதாவது ஒன்றைத்தான் பார்க்க முடியும்.

மாத்திரை வேண்டாம் என்று முடிவானது. யார் எடுத்த முடிவு என்று கேட்டால் யாருமில்லை. மெக்கானிக் மனைவியின் முகத்தைப் பார்த்தான், மனைவி மாமியாரின் முகத்தைப் பார்த்தாள், மாமியார் மகனின் முகத்தைப் பார்த்தாள். ஒரு சுற்று முடிந்தபோது முடிவும் ஆகிவிட்டிருந்தது.

அதற்குப் பின் சில மாதம் வயிறு இருக்குமிடம் தெரியவில்லை. அவளுக்கே நம்ப முடியவில்லை. எந்தெந்த நாள் என்று பார்த்து மெக்கானிக்கும் வேலையை மாற்றிப் போட்டுக்கொண்டான். யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால்கூட, அந்த நாட்களில் மட்டும் "வேற ஆளை அனுப்புங்க" என்பான். எங்கெங்கோ எத்தனை பேர் இதனால் அந்தரத்தில் தொங்கினார்களோ. பலன்தான் இல்லை.

பிறகு வலி வந்தது. முதலில் ஒரு எட்டிப் பார்ப்பு. அடுத்த மாதம் உட்கார்ந்து பேசியது. அதற்கடுத்த மாதம் பெட்டி படுக்கையோடு வந்துவிட்டது. வயிறு உப்பியது, காலையில் குமட்டியது, படி ஏறினால் இடுப்பு விட்டுப்போயிற்று. கறைக்காரி வாய் திறக்கவில்லை. திரும்பிவிட்டது என்று சொன்னால் மாத்திரையைப் போடு என்பார்கள், முயற்சி அத்தோடு நின்றுவிடும். ஆகவே லாண்டரி அலமாரியில் ஒரு பழைய கஞ்சிமாவு டப்பாவில் வலி மாத்திரைகளை வாங்கிப் போட்டுக்கொண்டு, யாரும் பார்க்காதபோது விழுங்கி நாளை ஓட்டினாள்.

யாரும் பார்க்கவில்லை என்று அவள் நினைத்தாள். மூன்றாம் மாடி என்று ஒன்று இருக்கிறதே!

"என்னம்மா, படியிலேயே உட்கார்ந்துட்டே? தலை சுத்துதா?"

"இல்லக்கா. சும்மாதான்."

"காலையில வாந்தி எடுத்தாப்ல இருக்கே. குழாய்ல எங்க குளியலறைக்கே கேட்டுச்சு."

"சாப்பிட்டது ஒத்துக்கலக்கா."

"ஒத்துக்காது, ஒத்துக்காது. எப்படி ஒத்துக்கும்?" அக்காவின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "பையை இங்க கொடு. இனிமே பாரமெல்லாம் தூக்கக்கூடாது."

தன் வீட்டு வாசலுக்கு வந்து சாவியைப் போடும்போதுதான் கறைக்காரிக்கு உறைத்தது. திரும்பி ஒரு மாடி இறங்கி "அதெல்லாம் இல்லக்கா" என்று சொல்லியிருக்கலாம். இறங்கினால் மறுபடி ஏற வேண்டும். சொல்லாமல் விட்டதற்கு அதுதான் முழுக் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம்.

மறுநாளே கட்டடம் அவளிடம் வேறு மாதிரி நடந்துகொண்டது. முதல் மாடிப் பென்ஷன்காரர், தன் மனைவிக்கே வழிவிடாத மனிதர், சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். லாண்டரியில் முதலாளியம்மா தன் சாய்வு நாற்காலியை இழுத்துவந்து கறை மேஜைக்கு அருகில் போட்டாள்.

"நின்னுட்டே வேலை பார்க்காதடி. உட்காரு."

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"உட்காருன்னா உட்காரு. எல்லாம் எனக்குத் தெரியும்."

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷமாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அதே மேஜையில்தான் நின்றிருக்கிறாள். வலிக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. பிள்ளைக்குத்தான் நாற்காலி. அவள் உட்கார்ந்தாள். சுகமாகத்தான் இருந்தது. அதை நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சாய்ந்துகொண்டாள்.

மாமியாருக்கும் செய்தி போகாமலா இருக்கும்? அந்தம்மா தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தாலும் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது அவளுக்குக் கைவந்த கலை. மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு காலை, மருமகளின் பையில் ஒரு பொட்டலத்தை வைத்தாள்.

"பழைய துணி. பரண்ல கிடந்துச்சு. கறையைக் கொஞ்சம் பாரேன்."

லாண்டரியில் பிரித்தாள். ஒரு சின்ன நீலக் கம்பளிப் போர்வை. பெரியவர்களுக்குத் தோளைக்கூட மூடாது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளேறிய கறை. யாருடையது என்று கேட்கவே வேண்டியதில்லை.

சாயங்காலம் போர்வையோடு வீட்டுக்கு வந்து, வேறு எதையும் கேட்க வாய் வராமல், தொழில் கேள்வியைக் கேட்டாள்.

"அத்தை, இதுக்கு வீட்டில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடல."

"சோப்பாவது?"

"சோப்பு போட்டேன்."

"அப்புறம்?"

மாமியார் ஜன்னலைப் பார்த்தாள். "அவன் கக்கின பால். வெந்நீர்ல முக்கி, ஈரத்தோட மேலேயே இஸ்திரி போட்டேன். அழறான், போர்வை வேணும், சீக்கிரம் காயட்டும்னு. எனக்கு அப்போ என்ன தெரியும்? சொல்லிக் கொடுக்க யார் இருந்தா?"

சூட்டில் இறுகிய பால். கறைக்காரி போர்வையை நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள். "போகும்னு சொல்ல மாட்டேன் அத்தை" என்றாள். இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். அதை மென்று விழுங்கிவிட்டாள்.

உடைந்தது மெக்கானிக்கிடம்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, வெட்கம் தாங்காமல் சொந்தக் கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்ய இறங்கியிருந்தான். லிஃப்டின் அடியில் உள்ள பள்ளத்தில் நின்று அவன் எதையோ முடுக்கிக்கொண்டிருக்க, மேலே கதவிடுக்கில் பென்ஷன்காரர் தலையை நீட்டினார்.

"என்னப்பா, நல்ல செய்தியாமே! லிஃப்டைச் சீக்கிரம் ரெடி பண்ணு. பாவம், அந்தப் பொண்ணு எத்தனை மாடி ஏறும்?"

பள்ளத்திலிருந்து ஏறி, நாலு மாடியும் படியேறி, மூச்சிரைக்க வந்து நின்றான். இரு கையிலும் கறுப்புக் கிரீஸ்.

"கீழே சொல்றாங்களே, நிஜமா?"

"என்ன சொல்றாங்க?"

"என்கிட்ட ஏன் சொல்லல? ஊருக்கெல்லாம் தெரிஞ்சு கடைசியில எனக்கா?"

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க."

கோபமாகத்தான் வந்தான். ஆனால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சரி, ஊரை விடு. உனக்கு என்ன பண்ணுது? அதை மட்டும் சொல்லு."

மூன்றாவது கேள்வி. அவளால் தாண்ட முடியவில்லை.

"வலிக்குது. நாலஞ்சு மாசமா வலிக்குது. குழந்தையெல்லாம் இல்ல. அதுதான் திரும்ப வந்திருக்குன்னு நினைக்கிறேன்."

அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், நாற்காலி முதுகில் கிடந்த துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான். நீலக் கம்பளி. தன்னுடைய போர்வை என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"ஐயோ, தேய்க்காதீங்க!"

கறுப்பு அப்பிவிட்டது. அவன் பேந்தப் பேந்த விழித்தான். கண் கலங்கியிருந்தது. கிரீஸ் கையால் கண்ணையும் துடைக்க முடியவில்லை. அவள் போர்வையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"விடுங்க. கிரீஸ்தானே. இது போகும்."

போகும் என்று அவள் அடித்துச் சொல்லி யாருமே கேட்டதில்லை. லாண்டரி முதலாளியம்மா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள்.

ஸ்கேன் எடுத்த பிறகு டாக்டரம்மா மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டார்: "வலிக்கு என்ன மாத்திரை போடறீங்க?"

"ஒண்ணும் போடறதில்லை, டாக்டர்."

"எப்பவாவது?"

"எப்பவாவது... ஒண்ணு."

சொல்லி முடிக்குமுன்பே தன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எலுமிச்சம்பழத்துக்கும் உப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் அதே முகம். எதிர்ப்பக்கம் நின்று எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள். டாக்டரம்மா மூன்றாம் தடவை கேட்கும் சிரமத்தை அவளே மிச்சப்படுத்தினாள்.

"தினமும் போடறேன் டாக்டர். சில நாள் மூணு வேளை. கடையில ஒரு டப்பாவில ஒளிச்சு வச்சிருக்கேன்."

பக்கத்தில் மெக்கானிக் மெல்லத் திரும்பிப் பார்த்தான். டாக்டரம்மா திட்டவில்லை. "சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. இவ்வளவு போட்டா வயிறு புண்ணாகும், கிட்னிக்கும் நல்லதில்லை. இன்னைக்கே ரத்தம் கொடுத்துட்டுப் போங்க" என்றார். பிறகு ஸ்கேன் படத்தைக் காட்டினார். இடது சூலகத்தில் மறுபடி சின்னதாக ஒரு கட்டி.

"திரும்ப ஆபரேஷனா?" என்றான் மெக்கானிக்.

"அவசரப்பட மாட்டேன். சூலகத்துல ஒவ்வொரு தடவை கை வைக்கும்போதும் முட்டைகள் கொஞ்சம் குறையலாம். இப்போ உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, இனியும் தானா நடக்கட்டும்னு காத்திருக்காம, முட்டையை வெளியே எடுத்துக் கரு உண்டாக்கிப் பார்க்கிற சிகிச்சை. ஊசி இருக்கு, அலைச்சல் இருக்கு. கிடைக்கும்னு..."

"சொல்ல மாட்டீங்க," என்றாள் கறைக்காரி.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். "ஆமா. இன்னொண்ணு, கொஞ்ச காலம் ஹார்மோன் மாத்திரை போட்டு வலியை அடக்கி, உடம்பு தேறினப்புறம் யோசிக்கிறது."

"மாத்திரை போட்டா குழந்தைக்குக் கதவு மூடிடுமா?"

"மாத்திரையால மூடாது. நிறுத்தினா மறுபடி முயற்சி பண்ணலாம். ஆனா அதுவரைக்கும் வயசு நிக்காது. அதையும் நான் சொல்லித்தான் ஆகணும்."

"இதுல எது சரி, டாக்டர்?"

"ரெண்டும் சரிதான். உங்களால எது முடியும்?"

அவள் கணவனைப் பார்க்கவில்லை. போன தடவை பார்த்துத்தான் முகம் முகமாகச் சுற்றி முடிவானது. மேஜையின் விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள்:

"முடியல டாக்டர். எனக்குக் கொஞ்ச நாள் சும்மா இருக்கணும்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு விட்டுக்கொடுத்து மெக்கானிக் உட்கார்ந்தான். பாதி வழியில், "எனக்கும்தான்" என்றான்.

"என்ன எனக்கும்தான்?"

"சும்மா இருக்கணும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆசை இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு" என்றான்.

"எனக்கும் இருக்கு."

அத்தோடு முடிந்தது. இருவரும் இறங்கும் இடம் தாண்டும்வரை தூங்கிப்போனார்கள். திரும்பி நடந்துதான் வீடு வந்தார்கள்.

மறுநாள் லாண்டரியில் போர்வையை எடுத்தாள். கிரீஸ் சொன்னபடி போயிற்று. பால்கறை கொஞ்சம் மங்கியதே தவிர அசையவில்லை. கம்பளி நைந்துவிடும் என்று கையை எடுத்துவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியாரிடம் கொடுத்தாள்.

"கிரீஸ் போயிடுச்சு அத்தை. பழசுதான் போகல. அப்புறம்... கீழே சொல்றாங்களே, அது..."

"காதில விழுந்துச்சு," என்றாள் மாமியார். ஞாயிற்றுக்கிழமையே விழுந்திருக்க வேண்டும். சுவர் ஒன்றும் அத்தனை கனமில்லை. போர்வையை மடித்தாள். ஒரு தடவை மடித்தது கோணலாகிப் பிரித்து மறுபடி மடித்தாள். இரண்டாவது தடவையும் நேராக வரவில்லை. "இருக்கட்டும். கறை இருந்தா குளிர் தெரியுமா என்ன?" என்று சொல்லி, மறுபடி பரணில் வைக்கக் கொடுத்தாள். அதன்பின் கேட்டாள்: "அந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

மிச்சம் இருந்தது கட்டடம். வழிவிடுகிறவர்கள், பை தூக்குகிறவர்கள், நாற்காலி போட்டவள் என ஒவ்வொருவரிடமும் போய் "இல்லைங்க, அது வேற" என்று ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும். அத்தனை வாசலுக்கும் ஏறி இறங்கக் கறைக்காரியால் ஆகாது. மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து படியேறியவள் மூன்றாம் மாடியில் தானாகவே நின்றாள்.

"அக்கா, உள்ளே வரலாமா?"

அதுவரை வாசலில் நிற்கவைத்தே எல்லாவற்றையும் கறந்து பழகிய அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கறைக்காரி நாற்காலியில் சாய்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். வாந்தி எதனால், வலி எத்தனை வருஷமாக, போன வருஷம் எடுத்தது என்ன, இப்போது திரும்ப வந்திருப்பது என்ன, மாத்திரை எதற்கு, பிள்ளை ஏன் இப்போது இல்லை, பிறகு கிடைக்குமா என்றால் ஏன் யாராலும் சொல்ல முடியாது. அக்கா குறுக்கே பேசவில்லை. நடுவில் ஒரு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் வேற வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம..." என்று ஆரம்பித்தாள்.

"அதை விடுங்கக்கா. நோயோட பேரைச் சொல்லுங்க பார்ப்போம்."

"எனக்கெதுக்கும்மா? நான் யார்கிட்ட சொல்லப்போறேன்?"

"சும்மா, தெரிஞ்சு வச்சுக்கோங்க."

"எண்டோ... மெட்டி..."

"மெட்ரி."

"எண்டோமெட்ரியோசிஸ்." அக்கா இன்னொரு தடவை தானாகவே சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"சரியா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"சேச்சே! என்னைப் பத்தித் தெரியாதா உனக்கு?"

"தெரியும்க்கா," என்றாள் கறைக்காரி.

மிச்சமிருந்த ஒரு மாடியை மெதுவாக ஏறினாள். வீட்டில் மாமியார் தண்ணீரையும் மாத்திரையையும் மேஜைமேல் எடுத்து வைத்திருந்தாள். விழுங்கிவிட்டு, வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு, வாசற்கதவைச் சாத்தாமல் கூடத்துச் சாய்மெத்தையிலேயே படுத்தாள். கீழே ஒரு கதவு திறந்தது. செருப்புச் சத்தம் சரசரவென்று இறங்கிப் போயிற்று. இரண்டாம் மாடியில் நின்றது, முதல் மாடியில் நின்றது. கண் சொக்கும் நேரத்தில் பென்ஷன்காரரின் குரல், "என்ன சிஸ்?" என்று கேட்டது. அக்கா நிறுத்தி நிதானமாக, ஓர் எழுத்துப் பிசகாமல், மறுபடி சொன்னாள்.